குடியை விட்ட மறுநாள்

வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் கொடியேறினால் எங்கள் மூதூர்ப் பக்கத்தில் எத்தனையோ பேர் குடியை விட்டுவிடுவார்கள். கட்டைபறிச்சான், சேனையூர், கடற்கரைச்சேனை, சம்பூர் எங்கும் இதைப் பார்க்கலாம். காப்புக் கட்டியவன் தொடமாட்டான், நேர்த்தி வைத்தவன் போத்தல் இருக்கிற பக்கமே போகமாட்டான். தீர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அதே ஆளைப் பாலத்தடியில் பார்க்கலாம், நேராக நிற்க முடியாமல். ஆக, நிறுத்தத் தெரியாத சனம் இல்லை நாங்கள். நிறுத்திய பிறகு எங்கே போய் யாரோடு உட்காருவது என்பதுதான் நமக்குத் தெரியாது. கீழே உள்ளதெல்லாம் அதைப் பற்றித்தான். குடியை விட்டவர்களின் கூட்டங்களில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பெயர் போடவில்லை, காரணம் ஐந்தாவதில் வரும்.

1. கூட்டத்துக்கு முன் வைத்தியசாலை. நாள் தவறாமல் குடித்தவர், அதிலும் காலையில் கை நடுக்கம் தீர ஒன்று போட்டால்தான் வேலைக்குப் போகலாம் என்றிருந்தவர், வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், நித்திரை போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. ஊரில் இதைப் பேய் பிடித்தது என்று சொல்லி நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போவார்கள். தம்பி, அது உயிரை எடுக்கக்கூடிய மருத்துவ அவசரம். மூதூர் தள வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டிய நேரம்.

கடலுக்கோ களப்புக்கோ போகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். நிறுத்திய முதல் நாட்களில் வள்ளத்தில் ஏற வேண்டாம். கரையில் வலிப்பு வந்தால் பிடிக்க ஆள் இருக்கும். விரதத்துக்காக நிறுத்துகிறவர்களுக்கும் இதே சொல்தான்.

வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: எவ்வளவு, சாராயமா கசிப்பா, கடைசியாக எப்போது. நாளுக்கு ஒரு போத்தல் போட்டவர் கால் போத்தல் என்று சொன்னால் மருந்தின் அளவும் பிழைத்துப்போகும். நடுக்கத்துக்கு அவர்கள் குளிசை தருவார்கள். குடியால் உடம்பில் வற்றிப்போன தயமின் என்ற பி1 விட்டமினையும் தருவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

2. இது வீட்டுக்காரருக்கு. குடியை மறக்கடிக்கும் மருந்து என்று எதையாவது வாங்கிச் சோற்றிலோ தேத்தண்ணீரிலோ ஒளித்துக் கலக்காதீர்கள். டைசல்பிராம் என்ற குளிசை உண்டு. அதை எடுத்தவர் மதுசாரத்தைத் தொட்டால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்து, இரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிராபத்து. எடுப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டியது அது. தெரியாமல் விழுங்கியவன் தவறணைக்குப் போவான், போய்ச் சுருண்டு விழுவான்.

3. “நான் அந்த அளவுக்கு இல்லை” என்று எல்லோரும்தான் சொல்லுவோம். 1984 இல் ஈவிங் என்ற அமெரிக்க வைத்தியர் நாலு கேள்விகளை வெளியிட்டார், உலகம் முழுக்க இன்றைக்கும் கேட்கிறார்கள். குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழும்பியதும் ஒன்று போட வேண்டியிருந்ததா? இரண்டுக்கு ஆம் என்றால் வைத்தியரோடு கதைக்க வேண்டிய நிலை. நாலாவதுக்கு ஆம் என்றால் முதலாம் இலக்கத்துக்குத் திரும்பிப் போங்கள்.

கூட்டத்தில் உட்கார இந்தப் பரீட்சையில் தேற வேண்டியதில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கேட்கிற தகுதி ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். விருப்பம் போதும், நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

4. தேடுவது எப்படி? இந்தக் கூட்டங்களுக்குப் பெயர்ப்பலகை தொங்காது. ஆதலால் வாய்விட்டுக் கேட்டால்தான் வழி தெரியும். கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். மூதூர் வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் யார் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மனைவி கேட்கலாம். அவருக்குத் தெரியாத வீட்டு விஷயம் ஊரில் குறைவு. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். ஒரு காலத்தில் மூதூர் இறங்குதுறையில் லாஞ்சுக்குக் காத்திருந்த பயணம் அது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு பஸ் ஏறினால் போய் இறங்கலாம், ஆகவே தூரத்தைச் சாட்டாக வைக்க முடியாது.

முகம் காட்ட வெட்கம் என்றால் தொலைபேசி. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1927 தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். கொழும்புக்குப் போய் நிற்க வசதியுள்ளவர்களுக்கு ஏ.ஏ. கூட்டங்கள் அங்கே நடக்கின்றன. 1974 இல் தொடங்கிய சுமித்ராயோ அமைப்பின் மெல் மெதுர நிலையமும் குடிக்கும் போதைப்பொருளுக்கும் இலவசமாக உளவளத்துணை தருகிறது.

கொரோனாக் காலத்திலிருந்து கூட்டங்கள் சூமிலும் வந்துவிட்டன. தமிழ்நாட்டுக் குழுக்கள் தமிழிலேயே நடத்துகின்றன. காதில் ஒரு இயர்போனை மாட்டிக்கொண்டு வாடிக்குள் இருந்தபடி தூத்துக்குடிக்காரர் ஒருவர் பேசுவதைக் கேட்கலாம். அவருடைய கடலும் அவருடைய கடனும் உங்களுடையதாகவே இருக்கும். முதலில் வீடியோவை மூடி வைத்துக் கேளுங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் வருடக்கணக்காக வீடியோவை மூடியபடியே இருந்தால் அது கூட்டம் இல்லை, வானொலி.

5. எங்கள் மாவட்டத்துக்குக் கூட்டம் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும் 2006 இடப்பெயர்வுக்குப் பிறகும் எத்தனை அமைப்புகள் வந்து எத்தனை மரத்தடியில் எங்களை வட்டமாக இருத்தின! வாசலில் வரவுப் பதிவு, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, பின்னால் பனர், முடிவில் ஒரு படம், ஒரு பிஸ்கட் பக்கற். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பேனையைத் தேடுவீர்கள். தேட வேண்டாம். கையெழுத்து இல்லை, படம் இல்லை, கட்டணம் இல்லை. ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். அதில் தேத்தண்ணீருக்கும் இட வாடகைக்கும் அங்கத்தவர்கள் இயன்றதைப் போடுவார்கள். முதல் நாள் வந்தவர் போடாமல் விடலாம். வெளியாரிடம் பணம் வாங்குவதில்லை என்பது ஏ.ஏ. யின் மரபு. 1950 இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் அதுவும் ஒன்று. பணம் கொடுத்தவன் பிறகு படம் கேட்பான் என்று அமெரிக்காவிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள் போல.

பெயர் சொல்லாமை அந்த மரபுகளில் கடைசியானது. பத்திரிகையிலும் வானொலியிலும் தன்னை இன்னார் என்று காட்டிக்கொள்வதில்லை என்பது விதி. நானும் அதன்படி நிற்கிறேன். கூட்டத்துக்குள் ஒரு பெயர் சொன்னால் போதும், அது உங்கள் உண்மைப் பெயரா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கிராமத்தில் இதைக் காப்பது பட்டணத்தைவிடக் கஷ்டம். சைக்கிள் நிற்பதை வைத்தே ஆள் யாரென்று சொல்லுகிற ஊர் இது. எனவே முதல் சில மாதங்களுக்கு உங்களைத் தெரியாத இடத்துக் கூட்டம் நல்லது. அங்கே யாரைக் கண்டாலும் சந்தையில் அவரை அந்த வகையில் தெரிந்ததாகக் காட்டாதீர்கள். அங்கே கேட்டதை மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள். ஒரு வாய் கசிந்தால் ஒரு குழு கலைந்துபோகும்.

யாராவது ஒரு கூட்டத்தில் உங்களைப் படம் பிடித்தால், பதிவேட்டில் எழுதச் சொன்னால், எழும்பி வந்துவிடுங்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அவர்களுக்கு வேண்டியது அறிக்கை.

6. உள்ளே என்ன நடக்கும்? ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். ஒருவர் நடத்துவார், அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஒருவர் பின் ஒருவராகத் தன் கதையைச் சொல்லுவார்கள். இடையில் குறுக்கிடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, புத்தி சொல்லுவதில்லை. உங்கள் முறை வந்தால் “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவியோ நண்பரோ கூட வரலாம், மூடிய கூட்டத்துக்குக் குடிநோய் உள்ளவர் மட்டும்.

இதன் வேர் ஒரு சந்திப்பில் இருக்கிறது. 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போயிருந்தார் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர். குடியை விட்டு ஐந்து மாதம். தங்கிய ஹோட்டலின் பார் பக்கம் கால் இழுத்தது. வேறொரு குடிகாரரோடு கதைத்தால்தான் தப்பலாம் என்று நினைத்து, தேவாலயக் குருமாரின் தொலைபேசி இலக்கங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்தார். அந்த வழியில் அகப்பட்டவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். பதினைந்து நிமிடம்தான் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த வைத்தியர் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டார். பில் அவருக்கு உபதேசம் செய்யாமல் தன் குடியைப் பற்றியே பேசியதுதான் காரணம். அதற்குப் பிறகும் வைத்தியர் ஒருதரம் விழுந்தார். ஜூன் 10 அன்று சத்திரசிகிச்சைக்குப் போகக் கை நடுங்கியதால் பில் அவருக்கு ஒரு பியர் கொடுத்தார். அதுதான் பொப் குடித்த கடைசிக் குடி, அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. பியர் கொடுத்த பகுதியை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். வைத்தியசாலையில் அதைவிட நல்ல மருந்து இருக்கிறது.

பேசினால் குடி போகுமா என்று கேட்பவர்களுக்கு: 2020 இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை வைத்துப் பார்த்தது. அறவே குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ. வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, சில அளவைகளில் கூடவே நின்றது. எல்லோருக்கும் சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். சில கூட்டங்கள் சலிப்பாகத்தான் இருக்கும், ஒரே ஆள் ஒரே கதையை அரை மணித்தியாலம் இழுப்பார். நாலைந்து தரம் போய்ப் பாருங்கள், வேறு குழுவையும் பாருங்கள்.

7. கடவுள். பன்னிரண்டு படிகளில் அவர் வருகிறார், அவரவர் விளங்கிக்கொண்டபடி என்ற சொல்லோடு. கட்டைபறிச்சான் பிள்ளையார் கோயில்காரருக்கும் மூதூர்ப் பள்ளிவாசல்காரருக்கும் அதில் இடமுண்டு. முஸ்லிம் சகோதரருக்கு வெட்கம் இரட்டிப்பு, குடிப்பதே வெளியே தெரியக்கூடாத வீடு. அவர் கதவைத் திறந்து வந்தால் ஒரு கண்ணும் அகல விரியக் கூடாது.

8. சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளையின் தலையில் அடித்து, பத்திரகாளி அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தி, இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்பது ஒரு பின்னேரத்தில் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை. அது உடைந்தால் ஆளும் உடைந்து போவான், “சாமிக்கே பொய் சொன்னவன், இனி என்ன” என்று முழுப் போத்தலையும் திறப்பான். கூட்டத்தில் சொல்லித்தருவது இன்றைய 24 மணித்தியாலம் மட்டும். விரதம் பிடிக்கிற உங்களுக்கு இது விளங்கும். காப்போடு இருந்த நாட்களை நாளாகத்தானே கடந்தீர்கள்? அவிழ்க்கிற தேதி மட்டும் இங்கே கிடையாது.

9. எந்த நாள் ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். வெள்ளாண்மை வெட்டிக் காசு கைக்கு வந்த நாள். மீன் முதலாளி கணக்குத் தீர்த்த நாள். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் மனைவி அனுப்பிய காசு வங்கியில் விழுந்த நாள். இந்தக் கடைசிக் காசை எடுக்கும் அட்டை தாயிடமோ வளர்ந்த மகளிடமோ இருக்கட்டும். அந்தக் காசைக் குடிப்பவனைக் கூட்டத்தில் யாரும் திட்டமாட்டார்கள், ஆனாலும் அவனால் அங்கே தலை நிமிர முடிவதில்லை. போயா நாளில் மதுபானக் கடை பூட்டு என்பதால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம்தான் வாங்கி வைக்கச் சொல்லி மனம் அரிக்கும்.

செத்தவீட்டுக்குப் பகலில் போங்கள், எடுத்தவுடன் வந்துவிடுங்கள். இரவு முழித்திருக்கிற இடத்தில் போத்தல் எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது, வரும். கலியாண வீட்டில் “ஒன்றே ஒன்று மச்சான்” என்பவனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். வைத்தியர் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போங்கள், அது பொய்யும் இல்லை.

10. திரும்பக் குடித்துவிட்டீர்களா? அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வெறியோடு வந்தாலும் உட்காரலாம், பேசாமல் இருந்தால் போதும்.

11. இதை எழுத யோசித்தேன், எழுதாமல் விடவும் முடியவில்லை. 2006 இல் யுத்தத்தால் சம்பூர்ச் சனம் எழும்பிய பிறகு, 2015 அளவில் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கும் வரை கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் ஆட்கள் கிடந்தார்கள். கடலும் வயலும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்க வேலையில்லாமல் தகரத்துக்குக் கீழே இருந்த ஆம்பிளைகளில் பலர் அங்கேதான் குடிக்கப் பழகினார்கள். நித்திரைக்காகத் தொடங்கியது. உங்கள் கதையும் அதுவென்றால், குடி நின்ற பிறகு பழைய இரவுகள் திரும்பி வரும், கெட்ட கனவாக, திடுக்கிடலாக. அதற்குக் கூட்டம் மட்டும் போதாது. மனநல வைத்தியரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. இன்னொன்றும் சொல்லுவேன், கோபிக்க வேண்டாம். அதே முகாமில் அதே தகரத்துக்குக் கீழே உங்கள் மனைவியும் இருந்தார். யுத்தம் குடியைத் தொடக்கியிருக்கலாம். இன்றைக்குப் பின்னேரம் தவறணைக்குப் போவதற்கு அது காரணமாகாது.

12. மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951 இல் தொடங்கியது, பெயர் அல்-அனான். தங்கச்சி, அவரைத் திருத்துவது எப்படி என்று அங்கே படிப்பிக்கமாட்டார்கள். அவருடைய குடிக்கு நீங்கள் காரணமில்லை என்று சொல்லித்தருவார்கள். அவருடைய கடனை அடைக்காமல், முதலாளியிடம் அவருக்காகப் பொய் சொல்லாமல் இருக்கவும் பழக்குவார்கள். அடி விழுந்தால் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கோ பொலிசின் பெண்கள் சிறுவர் பிரிவுக்கோ போங்கள். குடியின் அடி குடும்பத்துக்கும் விழுகிறது என்று அறிந்தவர் சென்னையின் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980 இல் அவர் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை வைத்தது. அவருக்கு 1992 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள், எங்கள் ஊரிலும். அவர்களுக்கு ஆண்கள் நிறைந்த அறை சரிவராது. 1926 ஐ அழைத்துப் பெண் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.

13. தேடியும் பக்கத்தில் குழு கிடைக்கவில்லை என்றால் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள். ஏ.ஏ. யின் மரபுப்படி, குடியை விடவென்று இரண்டு மூன்று பேர் கூடினால் அதுவே ஒரு குழு. பதிவு வேண்டாம், தலைவர் வேண்டாம், திறப்புவிழாவும் பொன்னாடையும் வேண்டவே வேண்டாம். கப்பலில் வேலை செய்த அங்கத்தவர்கள் கரையில்லாத மாதங்களில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். துறைமுக மாவட்டத்துக்காரருக்கு அது ஒன்றும் நடக்காத காரியமாகத் தெரியாது. கிளினிக்கில் உங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர் ஒருவர் இருப்பாரே, அவருடைய இலக்கத்தை வாங்குங்கள். கிழமையில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். பாடசாலை மண்டபமோ வாசிகசாலைத் திண்ணையோ, கேட்டால் தருவார்கள். மழை பெய்தாலும், மற்றவர் வராவிட்டாலும், அந்த நேரத்துக்கு அங்கே போய் இருங்கள். மூன்றாவது ஆள் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நிற்கிறபோது அவருக்கு ஊர் எது, யாருடைய மகன் என்று கேட்காமல் ஒரு பிளேன்டீயை ஊற்றிக் கொடுங்கள்.